முதலில் கண்டவர் யார்? விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் வாழ்க்கை வரலாறு

கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் தமிழ் நண்பர் ஒருவர், ஊருக்கு டிக்கெட் எடுக்க வந்தபோது தன் மனக்குறையை என்னிடம் சொன்னார்.

எந்திரத்தில் நூல் அறுந்தால் மோட்டார் தானாகவே நின்றுவிடும்படி அவர் ஒரு சிறிய மின்சுற்றை அமைத்தார். மேலதிகாரி பார்த்தார். இதில் ஒன்றும் இல்லை, யாருக்கும் தோன்றக்கூடியதுதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆறு மாதம் கழித்து அதே அமைப்பு எல்லா எந்திரங்களிலும் பொருத்தப்பட்டது. பாராட்டு வேறொருவருக்குப் போயிற்று.

யாருக்கும் தோன்றக்கூடியதுதான் என்ற அந்த ஒரு வார்த்தைதான் நண்பரைச் சுட்டது. அதே வார்த்தையை வைத்து உலகத்தின் பெரிய கோர்ட்டுகளில் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்திருக்கிறது. கம்பியில்லாத் தந்திக்காக நடந்த வழக்கு அவற்றில் முக்கியமானது. அந்தக் கதையை நம் நாட்டு விஞ்ஞானி ஜகதீச சந்திர போசின் வாழ்க்கையிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

பிறப்பும் படிப்பும்

போஸ் 1858-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி மைமன்சிங்கில் பிறந்தார். இன்று அந்த ஊர் வங்காளதேசத்தில் இருக்கிறது. தந்தை பகவான் சந்திர போஸ் அரசாங்க அதிகாரி.

அதிகாரி வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போன காலம் அது. ஆனால் தந்தை தன் மகனை முதலில் வங்காளிப் பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்தார். அங்கே ஒரு மீனவரின் மகனும், வீட்டு ஊழியரின் மகனும் போசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்கள். தாய்மொழியில் படித்ததையும், ஏழைப் பிள்ளைகளோடு பழகியதையும் போஸ் கடைசி வரை பெருமையாக நினைத்தார்.

பிறகு கல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே லபாண்ட் பாதிரியார் அவருக்கு பவுதிகத்தில் ஆசையை ஊட்டினார். 1880-ல் மருத்துவம் படிக்க லண்டன் சென்றார். உடல்நலம் கெட்டதால் அதை விட்டுவிட்டு, கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் படித்தார். புகழ்பெற்ற ராலே பிரபு அவருடைய ஆசிரியர்.

சம்பளம் வாங்காத பேராசிரியர்

1885-ல் ஊர் திரும்பிய போசுக்குக் கல்கத்தா மாகாணக் கல்லூரியில் வேலை கிடைத்தது. ஆனால் வெள்ளைக்காரப் பேராசிரியர் வாங்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. தற்காலிக வேலை என்று சொல்லி, அதிலும் பாதியைக் குறைத்தார்கள்.

போஸ் கூச்சல் போடவில்லை. வேலையையும் விடவில்லை. தினமும் கல்லூரிக்குப் போய்ப் பாடம் நடத்தினார். சம்பளத்தை மட்டும் தொடவில்லை. ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல, மூன்று ஆண்டுகள்!

வீட்டிலே கடன். தந்தை தொழில்களில் பணம் போட்டு நொடித்துப் போயிருந்தார். அந்த நிலையிலும் போஸ் அசையவில்லை. கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்தது. முழுச் சம்பளத்தையும் பின்தேதியிட்டுக் கொடுத்தது. அந்தப் பணம் தந்தையின் கடனை அடைக்கப் போயிற்று.

இந்தக் கஷ்ட காலத்தில் அவருக்குத் துணை நின்றவர் மனைவி அபலா. 1887-ல் திருமணம் நடந்தது. அபலா அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பது தமிழர்களாகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

தகர வேலைக்காரரின் உதவி

1894-ல் தன் 36-வது பிறந்த நாளில், இனி ஆராய்ச்சியே வாழ்க்கை என்று போஸ் உறுதி செய்துகொண்டார்.

மின் அலைகள் கம்பியில்லாமல் காற்றில் பரவும் என்று ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் என்பவர் நிரூபித்திருந்தார். அந்த அலைகளை மிகச் சிறியவையாக்கி ஆராய போஸ் விரும்பினார்.

கல்லூரியில் அதற்கு ஆய்வுக்கூடம் கிடையாது. ஒரு சின்ன அறைதான். கருவிகள் செய்ய ஐரோப்பிய நிபுணர் கிடையாது. படிப்பில்லாத ஒரு தகர வேலைக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொந்தப் பணத்தில் கருவிகளைச் செய்தார். அந்த அறையிலிருந்து 5 மில்லிமீட்டர் நீள அலைகள் பிறந்தன. அந்தக் காலத்தில் உலகத்தில் யாரும் எளிதில் தொடாத எல்லை அது.

1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் அவர் ஒரு செய்முறை காட்டினார். அலைகள் சுவர்களைக் கடந்து சென்று, 75 அடி தூரத்தில் மூன்றாவது அறையில் இருந்த மணியை அடித்தன. ஒரு துப்பாக்கியை வெடிக்க வைத்தன. நடுவே உட்கார்ந்திருந்த லெப்டினன்ட் கவர்னரின் உடலையும் அவை கடந்து சென்றன. கூட்டம் வியந்தது.

ரெயில்வே புத்தகம் கருவியானது

ரெயில்வேக்காரனாகிய எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அலைகளை ஒரே திசையில் அதிரும்படி வடிகட்டும் கருவி போசுக்குத் தேவைப்பட்டது. அவர் கையிலெடுத்தது பிராட்ஷா என்ற ரெயில்வே கால அட்டவணைப் புத்தகம்! பக்கங்களுக்கு நடுவே ஈயத் தாள்களைச் சொருகினார். கருவி தயார். முறுக்கிய சணலையும் தன் அலை ஆராய்ச்சியில் பயன்படுத்தினார்.

பிராட்ஷா புத்தகம் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இருந்தது. சணல் கல்கத்தாவில் மூலைக்கு மூலை கிடைத்தது. பார்த்தவர்கள் ஆயிரம் பேர். இந்த வேலைக்கு அது உதவும் என்று தோன்றியது ஒருவருக்குத்தான்.

தட்டத் தேவையில்லாத கருவி

அலையை அனுப்புவது பாதி வேலை. அது வந்து சேர்ந்ததை அறிவது மறுபாதி. அதற்கு அந்நாளில், உலோகத் தூள் அடைத்த ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. அலை பட்டால் தூள் ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் பாயும். அடுத்த அலையை அறிய வேண்டுமானால் குழாயைத் தட்டித் தூளை உதிர்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் இந்தத் தொல்லை.

போஸ் பல உலோகங்களைச் சோதித்தார். இரும்பும் பாதரசமும் தொடும் இடத்தில், அலை போனதும் கருவி தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடுவதைக் கண்டார். தட்டத் தேவையில்லை. இதை 1899-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரையாக வெளியிட்டார். செய்முறை முழுவதையும் மறைக்காமல் எழுதினார்.

இங்கேதான் பேடண்ட் எனப்படும் காப்புரிமை கதைக்குள் வருகிறது. புதிய ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதை அரசாங்கத்தில் பதிவு செய்தால், குறிப்பிட்ட காலம் வரை அவருடைய அனுமதியின்றி மற்றவர்கள் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது. ஆனால் ஒருமுறை ஊரறிய அச்சில் வந்துவிட்டால் அது எல்லாருக்கும் பொது. பிறகு யாரும் அதற்குப் பூட்டுப் போட முடியாது. போசின் கட்டுரை அந்தப் பூட்டை உலகத்திற்கே திறந்து வைத்தது.

பணக்காரர் வந்தார்

1901 மே மாதம் போஸ் லண்டனில் ஒரு சொற்பொழிவு செய்ய இருந்தார். அதற்குச் சற்று முன்பு ஒரு தந்திக் கம்பெனியின் கோடீஸ்வர முதலாளி அவரைத் தேடி வந்தார். கையில் காப்புரிமை விண்ணப்பத் தாள். எல்லாவற்றையும் மேடையில் சொல்லிவிட வேண்டாம், லாபத்தில் பாதி உங்களுக்கு என்று பேரம் பேசினார்.

போஸ் மறுத்துவிட்டார். பணம் என்னும் அந்தச் சுழலில் ஒருமுறை விழுந்தால் வெளியே வர முடியாது என்று நண்பர் ரவீந்திரநாத் தாகூருக்குக் கடிதம் எழுதினார்.

ஆனால் நண்பர்கள் விடவில்லை. விவேகானந்தரின் அமெரிக்க சிஷ்யை சாரா புல் அம்மையார் பிடிவாதம் செய்து, போசின் பெயரில் அமெரிக்காவில் விண்ணப்பம் போட வைத்தார். 1901 செப்டம்பர் 30-ல் போட்ட விண்ணப்பத்திற்கு 1904 மார்ச் 29-ல் காப்புரிமை கிடைத்தது. எண் 7,55,840.

இது பாதரசக் கருவி அல்ல. கலீனா என்னும் ஈயத் தாதுக் கல்லின் மேல் ஒரு முனையைத் தொட வைத்து அலையை அறியும் கருவி. குறைகடத்திப் பொருளில் செய்த கருவிக்கு உலகத்தில் கிடைத்த முதல் காப்புரிமை இதுவென்று சொல்வார்கள். இன்றைய டிரான்சிஸ்டர், கம்ப்யூட்டர், செல்போன் எல்லாம் அந்த இனத்தில் பிறந்த பிள்ளைகள்தான். டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த மூவரில் ஒருவரான பிராட்டேன், 1955-ல் வெளியான தன் கட்டுரையில் போசின் முன்னுரிமையை ஒப்புக்கொண்டார்.

போஸ் அந்தக் காப்புரிமையை வைத்துப் பணம் தேடவில்லை. 1906-ல் அமெரிக்காவில் பிக்கார்டு என்பவர் கலீனாவுக்குப் பதிலாக சிலிக்கானை வைத்து வேறொரு காப்புரிமை வாங்கினார். ஒரு கல்லுக்குப் பதில் இன்னொரு கல் என்றால் அது புதிய கண்டுபிடிப்பா, யாருக்கும் தோன்றக்கூடியதா? கேள்வி நியாயமானதுதான். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் புதியது என்றே கருதியது.

கடல் கடந்த மூன்று புள்ளிகள்

இதற்கிடையில் இத்தாலிய இளைஞர் மார்க்கோனி உலகப் புகழ் அடைந்துவிட்டார். 1901 டிசம்பர் 12-ந் தேதி, இங்கிலாந்திலிருந்து அனுப்பிய மூன்று புள்ளிச் சங்கேதத்தை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நியூபவுண்ட்லாந்தில் கேட்டதாக அறிவித்தார். பட்டத்தில் கட்டிய கம்பிதான் ஏரியல். காதில் டெலிபோன் குழல்.

அன்று அவர் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று பாதரசத்தால் ஆனது. இத்தாலியக் கடற்படையின் சொலாரி என்னும் அதிகாரி அதை மார்க்கோனிக்குக் கொடுத்திருந்தார். அதற்கு மார்க்கோனி 1901 செப்டம்பரிலேயே லண்டனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். பின்பு இத்தாலியில் சச்சரவு எழுந்தது. கடற்படையில் வேலை செய்த காஸ்டெல்லி என்பவரே அதைச் செய்தவர் என்றார்கள். விண்ணப்பமும் திருத்தப்பட்டது.

1998-ல் புரோபீர் பந்தோபாத்யாய் என்ற ஆராய்ச்சியாளர் பழைய ஏடுகளைப் புரட்டி, அந்தக் கருவியின் மூலம் போசின் 1899-ம் ஆண்டுக் கட்டுரைதான் என்று அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் பத்திரிகையில் எழுதினார்.

மார்க்கோனியைத் திருடர் என்று சொல்வது நியாயமாகாது. பல பேர் கண்டதை ஒன்று சேர்த்து, கடல் கடந்து பேச வைத்த துணிவு அவருடையது. 1909-ல் நோபல் பரிசை ஜெர்மனியின் பிரவுனுடன் அவர் பகிர்ந்துகொண்டார்.

கடைசிக் காலம்

போஸ் அதற்குள் வேறு பாதையில் போய்விட்டார். செடிகளுக்கும் உணர்ச்சி உண்டா என்று ஆராய்ந்தார். செடியின் நுட்பமான வளர்ச்சியைப் பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்ற கருவியைச் செய்தார். மேல்நாட்டு விஞ்ஞானிகள் சிலர் கேலி செய்தார்கள், சிலர் பாராட்டினார்கள். 1920-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது.

1917-ல் தன் பிறந்த நாளன்று கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். அங்கே கண்டுபிடிக்கப்படுவது எதற்கும் காப்புரிமை வாங்கப்படாது, எல்லாம் பொதுச் சொத்து என்று திறப்பு விழாவிலேயே அறிவித்தார்.

1937 ஜூலையில் மார்க்கோனி ரோமாபுரியில் காலமானார். அதே ஆண்டு நவம்பர் 23-ந் தேதி போஸ் கிரிடியில் கண்ணை மூடினார். இரண்டு பேரும் போய்விட்டார்கள். வழக்கு மட்டும் முடியவில்லை!

நான்கு சுற்றுகளின் வழக்கு

ரேடியோவில் குமிழைத் திருப்பி ஸ்டேஷன் பிடிக்கிறோம் அல்லவா? அதன் தத்துவம் ஊஞ்சல் போன்றது. ஊஞ்சல் போய்வரும் கணக்கறிந்து தள்ளினால், குழந்தை தள்ளினாலும் அது உயரப் போகும். கணக்குத் தப்பினால் பயில்வான் தள்ளினாலும் பயனில்லை. கம்பிச்சுருளும் கண்டென்சரும் சேர்ந்த மின்சுற்றுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு.

அனுப்பும் இடத்தில் இரண்டு சுற்று, வாங்கும் இடத்தில் இரண்டு சுற்று. நான்கையும் ஒரே கணக்கில் வைத்தால் அலை தூரம் போகும், பிற அலைகளோடு கலக்காது. இதற்கு மார்க்கோனி 1900-ல் இங்கிலாந்தில் 7777 என்ற எண்ணில் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் அலுவலகம் முதலில் பல முறை மறுத்தது. 1904-ல் கொடுத்தது.

முதல் உலகப் போர்க் காலத்தில், 1916-ல், அமெரிக்க அரசாங்கம் தங்கள் கருவிகளை அனுமதியின்றிப் பயன்படுத்தியது என்று மார்க்கோனி கம்பெனி நஷ்டஈடு கேட்டது. வழக்கு 27 ஆண்டுகள் நடந்தது. 1943 ஜூன் 21-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

மார்க்கோனிக்கு முன்பே லாட்ஜ், தெஸ்லா, ஜான் ஸ்டோன் ஆகியோர் இந்த வழியில் நடந்திருக்கிறார்கள் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கண்டார்கள். ஸ்டோன் 1899-லேயே தன் நண்பருக்கு எழுதிய கடிதங்கள் கோர்ட்டில் இருந்தன. அவருடைய விண்ணப்பமும் மார்க்கோனியின் அமெரிக்க விண்ணப்பத்திற்குச் சில மாதங்கள் முந்தியது. அவர்கள் செய்ததற்கு மேல் மார்க்கோனி சேர்த்தது தனிக் கண்டுபிடிப்பு ஆகாது என்று கூறி, நான்கு சுற்றுகளின் காப்புரிமையில் அந்த முக்கிய உரிமைகள் செல்லாது என்றார்கள்.

மார்க்கோனி ரேடியோவைக் கண்டுபிடிக்கவில்லை என்று கோர்ட்டு சொன்னதாகச் சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அவருடைய முதல் காப்புரிமை அந்தத் தீர்ப்பில் விசாரணைக்கே வரவில்லை.

நீதிபதி பிராங்க்பர்ட்டர் தீர்ப்பின் இந்தப் பகுதிக்கு உடன்படவில்லை. ஒரு காரியம் நடந்து 40 ஆண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தால் எல்லாம் சுலபமாகத்தான் தெரியும், அந்தப் பார்வையால் அன்றைய அறிஞரை அளக்கக் கூடாது என்பது அவர் கருத்தின் சாரம். வழி தெரிந்த பிறகு மலைப் பாதை குறுகிவிடுவது போலத்தான் இது. போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்திற்குப் போகும் நம் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தீர்ப்பு வந்தபோது மார்க்கோனி இல்லை. லாட்ஜ் இல்லை. தெஸ்லா அதே ஆண்டு ஜனவரியில் மறைந்தார். ஸ்டோன் தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்புதான் மறைந்தார். கேட்டு மகிழவோ வருந்தவோ ஒருவரும் மிஞ்சவில்லை.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டிலும் இதே கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை போயிருக்கிறது. உத்தரப்பிரதேசத்து மிர்சாபூரில் பாத்திரங்களைக் கடைசல் பிடிக்கும்போது பிடித்துக்கொள்ளும் அமைப்பு ஒன்றிற்கு ஒரு நிறுவனம் காப்புரிமை வாங்கியிருந்தது. தெரிந்த பழைய முறையைச் சற்றே மாற்றியதைத் தவிர, இதில் கண்டுபிடிப்பு ஏதுமில்லை என்று 1978 டிசம்பரில் தீர்ப்பாயிற்று.

ஒரு தொழிலில் கைதேர்ந்தவருக்கு, அந்நாள் வரை அறிந்ததை வைத்துத் தானாகவே தோன்றிவிடுமா? இதுதான் சட்டத்தின் கேள்வி. தோன்றிவிடும் என்றால் காப்புரிமை இல்லை. இதில் கவனிக்க வேண்டியது அந்நாள் வரை என்ற சொல். செய்து காட்டிய மறுநாள் கேட்டால், எல்லாருக்கும் தோன்றியதாகத்தான் சொல்வார்கள்.

கஞ்சிக்கோடு நண்பருக்கு நான் சொன்னதும் இதுதான். மேலதிகாரி சொன்னது சட்டப்படி சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். ஆனால் அதை நிறுத்துப் பார்க்க நண்பரிடம் தேதியிட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஸ்டோனுக்குக் கடிதம் இருந்தது. போசுக்குக் கட்டுரை இருந்தது.

ஏதாவது புதிதாகச் செய்பவர்கள் அன்றே ஒரு நோட்டில் படம் போட்டு, தேதி எழுதி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கி வைக்க வேண்டும். காப்புரிமை வேண்டுமானால் பலருக்குக் காட்டும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டு, 12 மாதங்களுக்குள் முழு விவரம் கொடுக்கலாம். கேரளத்தில் இருப்பவர்களுக்கும் சென்னை காப்புரிமை அலுவலகம்தான். காப்புரிமை கம்பெனியின் பெயரில் போனாலும், கண்டுபிடித்தவர் என்று தன் பெயரைக் குறிக்கும்படி கேட்க 1970-ம் ஆண்டுச் சட்டம் தொழிலாளிக்கு வழி வைத்திருக்கிறது.

போசுக்குப் பணம் வேண்டியிருக்கவில்லை. அது அவர் பெருமை. ஆனால் பெயர் வேண்டாம் என்று அவர் விட்டுவிடவில்லை. ஒவ்வொன்றையும் எழுதினார், தேதி போட்டார், அச்சில் ஏற்றினார். அதனால்தான் 2012-ல் அமெரிக்கப் பொறியாளர் சங்கம் கல்கத்தா மாகாணக் கல்லூரியில் அவர் நினைவாக ஒரு கல்வெட்டுப் பதித்தது.

அவருடைய கருவிகளைச் செய்து கொடுத்த தகர வேலைக்காரரின் பெயர் அந்தக் கல்வெட்டில் இல்லை. அவர் எழுதி வைக்கவில்லை. எழுதத் தெரியாமலும் இருந்திருக்கலாம். நமக்கு எழுதத் தெரியும்.